கட்டை வைத்தவன்

அண்ணே,

புளி போட்டுத் தேய்த்தாயிற்று, சாம்பல் போட்டுத் தேய்த்தாயிற்று, எலுமிச்சம்பழத் தோலையும் விட்டுவைக்கவில்லை. மண்ணெண்ணெயும் துருவும் கலந்த இந்த நாற்றம் என் கையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோனால் முதலில் லொறிதான் வருகிறது, பிறகுதான் சோறு. "லொறியோடயே குடும்பம் நடத்துங்க" என்று என் வீட்டுக்காரி தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போகிறாள். அந்தக் கையோடுதான் இதை எழுதுகிறேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நேற்றுத்தான் உங்கள் முதல் தெவசம். உயிரோடு இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு கடுதாசி எழுதியதில்லை, ஒரே முற்றத்தில் இருந்தவர்களுக்குக் கடுதாசி எதற்கு? இப்போது கேட்பதற்கு ஒன்று இருக்கிறது, எதிரில் ஆள் இல்லை.

நம் மாட்டுக் கரத்தைக் கொட்டகையில் கிடந்த லொறியைத்தான் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பது தெரியும். "இவனா? கட்டை வைக்க மறந்தவன் லொறி கட்டப்போறானா?" என்று சிரித்திருப்பீர்கள். பக்கத்தில் இருப்பவர்களும் சேர்ந்து சிரித்திருப்பார்கள். பதுளையில் நம்மைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் எட்டு வருஷமாக நான் அதுதானே. சின்ன மகன் ஏற்றத்தில் லொறிச் சக்கரத்துக்குக் கட்டை வைக்க மறந்தான், அதனால் தகப்பனுக்கு இடுப்பு ஒடிந்தது. ஊர் இப்படித்தான் நம்பியது. அப்பா இப்படி நம்பிக்கொண்டே கண்ணை மூடினார். அதைவிடக் கேவலம், நானே நம்பினேன்.

பதுளைக்கு ரயில் வந்த பிறகு நம் லொறிக்கு வேலை சுருங்கிப்போனது. அதற்கு முன்னால் அரிசி மூட்டையும் கருவாட்டுச் சிப்பமும் பண்டாரவளை ஸ்டேஷனில் இறங்கும், அங்கிருந்து நாம்தானே தேயிலைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோவோம். ரயில் ஊருக்குள்ளேயே வந்து நின்றதும், உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டியதும் ஒன்றாக வந்தன. லொறியைக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டு நீங்கள் கட்டிலில் படுத்தீர்கள். கூரைத் தகரத்தில் இருந்த ஓட்டை வழியாக மழை நேராக இஞ்சின் மூடியில் சொட்டியது. அதை அடைக்க நான் ஏறவில்லை. அந்த வண்டி உக்கி மண்ணாகட்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

நீங்கள் போன மூன்றாம் மாதம் அண்ணி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, லொறிய நீங்க எடுத்துக்குங்க. வெளியாளுக்கு நான் குடுக்கமாட்டேன்" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "ஆனா மேலால சாயத்தப் பூசி ஓட்டிறாதீங்க. பலகையெல்லாம் உக்கிக் கெடக்கு. ஒண்ணு விடாம கழட்டிப் பாருங்க" என்றார். ஆணிக்கும் போல்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாத அண்ணி லொறியைப் பற்றிப் பேசுகிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது.

ஆனாலும் எடுத்தேன். பசறைப் பக்கமும் மடுல்சீமைப் பக்கமும் ரயில் போவதில்லை, அங்கே இருக்கும் சனங்களும் அரிசிதான் தின்கிறார்கள். வேலை கிடைக்கும் என்று நினைத்தேன். இஞ்சின் இறுகிப்போய்க் கிடந்தது. பிளக்கைக் கழற்றி நாலு துளையிலும் மண்ணெண்ணெய் ஊற்றிச் சாக்கால் மூடி எட்டு நாள் விட்டேன். ஒன்பதாம் நாள் முன்னால் நின்று இஞ்சினைச் சுற்றும் கைப்பிடியைப் பிடித்து ஆட்டியபோது அரை விரற்கடை அசைந்தது. அந்த அரை விரற்கடைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை உங்களிடம் மறைக்கமாட்டேன். ஆரக்கால்களைக் கழற்றி எண்ணெயில் ஊறவைத்தேன். கம்பி பிரஷால் தேய்க்கத் தேய்க்கத் துரு செம்மண்ணாகக் கொட்டியது. கீழே நம் பழைய பச்சைச் சாயம் தெரிந்தது. அதற்கும் கீழே தோட்டத்துச் சாயம்.

அந்தத் தோட்டத்துச் சாயத்தைப் பார்த்ததும் லொறி வந்த நாள் ஞாபகம் வந்தது. பெரிய சண்டை முடிந்த மறு வருஷம். தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன பழைய வண்டி. அப்பா இரண்டு சோடி மாட்டைக் கொடுத்து அதை வாங்கியபோது கொட்டகையில் ஒரு சாவு வீட்டு அமைதி. மாடுகள் போவதை அவர் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு சுருட்டுப் பற்றவைத்தார். நீங்கள் மட்டும் ஓட்டுகிறவர் ஆசனத்தில் சுக்கானைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். எனக்கும் அதைப் பிடிக்க ஆசை. "மொதல்ல கட்டையத் தூக்கு. சுக்கான் அப்புறம்" என்றீர்கள். அதில் தப்பில்லை. மூத்தவர் ஓட்டவேண்டும், இளையவன் கட்டை வைக்கவேண்டும், மலைப்பாதையில் எல்லா லொறிக்கும் அதுதான் முறை.

கட்டையை அப்பாதான் செய்தார். தன் முதல் கரத்தைச் சில்லின் குடத்தை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைச் சீவி, லொறிச் சில்லின் வளைவுக்கு ஏற்றமாதிரி குழி வெட்டி, பழைய இரும்புப் பூணையே நறுக்கி ஓரத்தில் அடித்தார். அந்த மாதிரிக் கட்டை வேறு எந்த லொறியிலும் கிடையாது. ஏற்றத்தில் இஞ்சின் திணறத் தொடங்கினால் நான் கட்டையோடு குதிப்பேன், பின் சில்லோடு சேர்ந்து நடப்பேன். வண்டி நின்ற நொடியில் சில்லுக்குப் பின்னால் கட்டையைச் சொருகுவேன், பக்கப் பலகையில் இரண்டு தடவை தட்டுவேன். இரண்டு தட்டு என்றால் கட்டை இருக்கிறது என்று அர்த்தம். தட்டிய பிறகு, நான் முன்னால் வந்து கைப்பிடியைச் சுற்றி இஞ்சினைக் கிளப்பும்வரை, ஓட்டுகிறவர் பிரேக்கைத் தொடக்கூடாது. இந்த முறையை எனக்குச் சொல்லித்தந்ததே நீங்கள்.

நம் லொறிக்கு இன்னொரு கோணல் இருந்தது. பெட்ரோல் தொட்டி உங்கள் ஆசனத்துக்கு அடியில். தொட்டியில் பெட்ரோல் குறைந்திருந்தால் செங்குத்தான ஏற்றத்தில் அது இஞ்சினுக்கு இறங்காது, மூக்கு மேலே தூக்கிவிடும் அல்லவா. அதற்கு எல்லோரும் செய்கிற வேலை, வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே ஏற்றுவது. நாமும் அப்படித்தான் எத்தனையோ தடவை மடுல்சீமைக்கு ஏறியிருக்கிறோம். வழியில் ஓய்வெடுக்கும் கரத்தைக்காரர்களுக்கு அதைவிட நல்ல வேடிக்கை கிடையாது. "குண்டியக் காட்டிக்கிட்டு வருது பாரு மகாராசா தேரு" என்று சத்தம் போடுவார்கள். எல்லாம் அப்பாவோடு வண்டி அடித்தவர்கள். மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும் அப்பா தலைப்பாகையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொள்வார். வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் எழுந்துவிடுவார்.

அப்பாவின் இடுப்பு ஒடிந்த அன்றைக்கு நாம் பசறையில் தேத்தண்ணி குடித்தோம். தொட்டியில் பெட்ரோல் கால்வாசிதான் இருந்தது. "அண்ணே, டின்ன ஊத்திருவோமா, இல்ல திருப்பிருவோமா?" என்று கேட்டேன். "நேரா ஏத்துறேன். அப்பா மானம் போனது போதும்" என்றீர்கள். அந்த வார்த்தைக்காக அன்றைக்கு உங்களை எனக்கு அவ்வளவு பிடித்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

கரத்தைக்காரர்கள் இருக்கும் வளைவுக்கு ஐம்பது அடி கீழே இஞ்சின் அணைந்தது. நான் சொருகினேன், தட்டினேன், இரண்டு தடவை. பெட்ரோல் டின்னை எடுத்துக்கொண்டு பள்ளத்துப் பக்கமாகச் சுற்றி முன்னால் வந்துகொண்டிருந்தேன். மேலே இருந்தவர்கள் கைகொட்டிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. "மாட்ட வித்துட்டு மாடு மாதிரி நிக்கிறாரு பாரு" என்று ஒரு குரல். அடுத்து என் பக்கத்தில் இருந்த லொறி பக்கத்தில் இல்லை. பின்னால் உருண்டு, மலைப்பக்கத்து வாய்க்காலில் பின் சில்லு இறங்கி, அப்படியே சாய்ந்தது. அரிசி மூட்டைகளுக்கு அடியிலிருந்து அப்பாவின் சத்தம் வந்தது. நான் டின்னைப் போட்டுவிட்டு அப்பாவைத் தூக்க ஓடினேன். நீங்கள் அந்த நேரத்தில் எங்கே ஓடினீர்கள் என்று நான் பார்க்கவில்லை.

கரத்தைக்காரர்கள் இறங்கிவந்து மூட்டையை இழுத்துப்போட்டார்கள். அப்பாவைச் சாக்கில் கிடத்தியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கட்டை எங்க?" என்பதுதான். நாலு பேர் ரோட்டிலும் வாய்க்காலிலும் தேடினார்கள். கட்டை இல்லை. "வச்சேன் அப்பா, வச்சுத் தட்டினேன்" என்று நான் கதறினேன். நீங்கள் என் தோளில் கை வைத்து, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, "வுடுடா. பசறையில கடை வாசல்ல மறந்துட்டு வந்திருப்ப. நீ தட்டுற சத்தம் எனக்குக் கேக்கலையே" என்றீர்கள். எவ்வளவு அன்பாகச் சொன்னீர்கள். அடித்துத் திட்டியிருந்தால்கூட நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

பசறைக் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். கட்டையைப் பார்த்த ஞாபகம் இல்லை என்றார். பார்க்கவில்லை என்ற ஞாபகமும் அவருக்கு இல்லை. அதிலிருந்து என் மனசு ஆட ஆரம்பித்தது. கட்டையின் கனம் இன்னும் கையில் இருந்தது, ஆனால் அது போன வாரத்துக் கனமாகவும் இருக்கலாம் அல்லவா? எத்தனை நூறு தடவை வைத்திருக்கிறேன், எந்தத் தடவை எது என்று எப்படிப் பிரிப்பது? ஆறு மாதத்தில் நான் வைக்கவில்லை என்று எனக்கே தெளிவாகிவிட்டது. கடை வாசலில் அது கிடப்பதுகூடக் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்பா எழுந்து நடக்கவில்லை. இரண்டு வருஷம் படுக்கையில். என்னைத் திட்டவும் இல்லை, அதுதான் பெரிய தண்டனை. கடைசி நாட்களில் ஒரு மத்தியானம் தண்ணீர் கேட்டார், நான் செம்பை எடுத்துக்கொண்டு போனேன். என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். நீங்கள் என் கையிலிருந்து செம்பை வாங்கி அவருக்குப் புகட்டினீர்கள். குடித்தார். பிறகு முற்றத்துக்கு வந்து, "மனசுல வச்சுக்காதடா. அவருக்கு வலி" என்று எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். நான் உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் என்னைத் தூக்கி நிறுத்தினீர்கள்.

அப்பாவுக்குப் பிறகும் சுக்கானை எனக்குத் தரவில்லை. புதிதாக ஒரு பலாக்கட்டை வெட்டித் தந்தீர்கள். ரயில் வரும்வரை அதைத் தூக்கிக்கொண்டு உங்கள் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து வந்தேன். ஏற்றத்தில் இரண்டு தட்டுக்குப் பதில் ஐந்து ஆறு தட்டுத் தட்டுவேன். "கேக்குதுடா, கேக்குது" என்று சிரிப்பீர்கள்.

போன மாதம் நான் உட்கார்ந்து வந்த அந்தப் பலகையைக் கழற்றினேன். அடியில் சாமான் பெட்டி, அதற்கு அடித்தகடு. துருப்பிடித்த தகட்டைத் தட்டி நிமிர்த்தலாம் என்று உளியை விட்டால், அது வண்டியோடு வந்த தகடு இல்லை. பிஸ்கட் டின்னை வெட்டி மேலால் ஆணி அடித்திருந்தது. பிரித்தேன். எலி கடித்த சாக்குத் துண்டுக்குள் அப்பாவின் கட்டை இருந்தது.

அதை மடியில் வைத்துக்கொண்டு கொட்டகைத் தரையில் உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குழியின் விளிம்பு நசுங்கி, பூண் வளைந்து, மேலே சில்லு ஏறிப்போன கறுப்புத் தடம். றப்பர் துணுக்குகூட ஒட்டியிருந்தது. கட்டை இருந்திருக்கிறது. சில்லு அதன்மேல் ஏறியிருக்கிறது. யாராவது பிரேக்கை விடாமல் சில்லு கட்டைமேல் ஏறாது. அந்தக் காலிக்கூட்டம் சிரித்ததும் உங்களுக்கு ரோஷம் வந்து, நான் கைப்பிடியைச் சுற்றுவதற்கு முன்பே பிரேக்கை விட்டிருக்கிறீர்கள். அதைக்கூட நான் மன்னித்திருப்பேன், அண்ணே. சத்தியமாக மன்னித்திருப்பேன். அப்பாவும் மன்னித்திருப்பார், அவருக்காகத்தானே நேராக ஏற்றினீர்கள். ஆனால் அவர் மூட்டைக்கு அடியில் கத்திக்கொண்டிருந்தபோது நீங்கள் கட்டையைப் பொறுக்கப் போயிருக்கிறீர்கள்.

பிறகு அதை என் ஆசனத்துக்கு அடியில் வைத்தீர்கள். எத்தனை இடம் இருந்தது! நாலு வருஷம் அதன்மேல் உட்கார்ந்து உங்களுக்குக் கட்டை வைக்கப் போயிருக்கிறேன். பள்ளத்தில் எறிந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஏன் எறியவில்லை? அப்பா கையால் செய்தது என்று மனசு வரவில்லையா? அவர் செதுக்கிய மரத்துக்கு இரங்கினீர்களே, அவர் பெற்றவனுக்கு இரங்கவில்லையே. இதுதான் நான் கேட்க வேண்டியது.

கட்டையை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனேன். சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என் கையைப் பார்த்ததும் சுளகைக் கீழே வைத்தார்.

"கண்டுட்டீங்களா தம்பி" என்றார்.

"ஒங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"கடைசி மாசந்தான் சொன்னாரு. கரத்தைக்காரங்க சிரிச்சது பொறுக்காம பிரேக்க வுட்டுட்டேன்னாரு. ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. நான் சொல்லல. லொறியக் குடுத்தேன்."

கழட்டிப் பாருங்க என்று அவர் சொன்னது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போகிறேன், அங்கிருந்து தெருத்தெருவாகப் போய்ச் சொல்கிறேன் என்று நான் கிளம்பினேன். அண்ணி வாசலில் வந்து நின்றார். "பாக்கியத்துக்கு மாப்பிள்ள வூடு பேசிக்கிட்டிருக்கு. நல்லவரு மகள்னுதான் கேட்டு வந்திருக்காங்க. கல்யாணம் முடியட்டும். அப்புறம் நீங்க எங்க வேணும்னாலும் சொல்லுங்க" என்றார். உங்கள் ஒரே மகள். நான் தோளில் தூக்கித் திரிந்த பிள்ளை. சரி என்றேன். சொல்லிவிட்டுக் கொட்டகைக்கு வந்து துருவைத் தேய்த்தேன். தோல் உரியும்வரை தேய்த்தேன். உயிரோடு இருந்தபோது என் பெயரைத் தின்றீர்கள், செத்த பிறகும் உங்கள் பெயரை நான்தான் சோறு போட்டு வளர்க்கவேண்டியிருக்கிறது என்று வயிறு எரிந்தது.

நேற்று தெவசம். உங்களுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் நான்தான் உட்கார்ந்தேன். எள்ளும் தண்ணீரும் விட்டேன். உங்கள் பெயரைச் சொல்லச் சொன்னபோது இரண்டாம் தடவை கேட்ட பிறகுதான் சொன்னேன், துக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பிறகு பந்தி போட்டோம். சித்தப்பா முதல் இலையில், அவருக்கு எதிர்வரிசையில் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர். பேச்சு லொறிக்கு வந்தது. இஞ்சின் கிளம்பிவிட்டது, இனி பலகை அடித்தால் ஓட்டலாம் என்று யாரோ சொன்னார்கள். சித்தப்பா சாம்பார் விரலை நக்கிக்கொண்டே, "ஓட்டு ஓட்டு. கட்டை வைக்க மட்டும் நல்ல ஆளாப் பாத்துப் போட்டுக்கடா" என்றார். பந்தி சிரித்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கும் கதை தெரிந்திருக்கிறது, அவர்களும் சிரித்தார்கள்.

நான் தலையைக் குனிந்து அடுத்த இலைக்கு அப்பளம் வைத்தேன். எட்டு வருஷப் பழக்கம், கை தானாக அதைச் செய்தது. அண்ணி ரசச் சட்டியோடு சித்தப்பாவின் இலைக்கு வந்திருந்தார்.

"மாமா, தம்பி அன்னைக்குக் கட்டை வச்சாரு" என்றார். "பிரேக்க வுட்டது ஒங்க அண்ணனோட பெரிய பிள்ளதான். கட்டையப் பொறுக்கி ஒளிச்சு வச்சதும் அவருதான். அவரே என்கிட்ட சொன்னாரு."

குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டு ரசம் ஊற்றினார், அடுத்த இலைக்குப் போனார், அங்கேயும் ஊற்றினார். சித்தப்பா வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பாக்கியம் சமையற்கட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்தாள், அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுக் கைகழுவிப் போனார்கள். அவர்கள் திரும்பி வருவார்களா என்று இன்னும் தெரியாது. அண்ணியிடம், "ஏன் அண்ணி? நான்தான் சரின்னேனே" என்று கேட்டேன். "ஒங்களப் பாத்து அவங்களும் சிரிச்சாங்க தம்பி. என்னால முடியல" என்றார்.

ஒரு கரண்டி ரசம் ஊற்றுகிற நேரத்தில் அண்ணி சொல்லி முடித்துவிட்டார், அண்ணே. மகளுடைய கல்யாணத்தை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு சொன்னார். உங்களுக்கு ஏழு வருஷம் இருந்தது. இன்று காலையில் சித்தப்பா கொட்டகை வாசலில் வந்து நின்றார். ஒரு நாழிகை எனக்குப் பலகை பிடித்துக்கொடுத்துவிட்டுப் போனார். ஊர் இனிமேல் சிரிக்காது. நான் சந்தோஷப்பட வேண்டும் என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள், எனக்கு வரவில்லை. ஊருக்குத் தெரிந்தால் போதும் என்று கட்டையைக் கண்ட நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்றுத்தான் தெரிந்தது, எனக்கு வேண்டியிருந்தது ஊர் இல்லை. இரண்டு வருஷம் பக்கத்து அறையில் கண் விழித்துப் படுத்திருந்த ஒரு மனிதர். அவர் காதில் போடவேண்டியிருந்தது ஒரே ஒரு சொல், அதைப் போட உங்களால் மட்டும்தான் முடிந்திருக்கும்.